ஒரு இஞ்ச் கூட நகராது

"மாமா! நகராட்சி என்ஜினியர் உங்க சக்கர வீட்டை விசாரிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாரு!" என்று மச்சினன் போனில் அலறினான்.

தச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டு மாதம் மாய்ந்து மாய்ந்து இழைத்து, ஆறு சக்கரத்தின் மேல் நிறுத்திய வீடு அது. அனுமதியில்லாத கட்டடம் என்று இடித்துவிட்டால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

"நாமளே நடுத்தெருவுக்குப் போயிடுவோம்! ஓடுற வண்டியை எவன் இடிப்பான்?" என்றாள் மனைவி.

அவள் மூளையே மூளை! டிராக்டரைப் பூட்டினார்கள். வீடு குலுங்கிக் குலுங்கிக் கிளம்பியது. சமையலறை ஜன்னலில் நின்று அவள் தெருவுக்கே கையசைத்தாள். முதல் திருப்பத்திலேயே போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"நம்பர் பிளேட் எங்கய்யா?"

"இது வண்டி இல்ல சார், வீடு!"

"வீட்டுக்கு ரோட்டுல என்னய்யா வேலை? இருந்த இடத்துலயே கொண்டுபோய் வை. பின்னாலயே வர்றேன். வீடுன்னா சக்கரம் இருக்கக் கூடாது. இருந்துச்சு, ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போயிடுவேன்."

திரும்பி வந்ததும் தச்சர் ஜாக்கி வைத்து ஆறு சக்கரத்தையும் கழற்றினார். அடியில் செங்கல்லை அடுக்கிச் சிமெண்டைக் குழைத்து அப்பினார். மனைவி தன் பங்குக்குச் சுவரோரம் ஒரு மல்லிகைக் கொடியை நட்டு, அதை ஆணியடித்து ஏற்றியும் விட்டாள்.

போலீஸ்காரர் திருப்தியாகத் தலையாட்டும்போது ஜீப் வந்து நின்றது.

என்ஜினியர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இது நகருமா?"

நகரும் என்றால் போலீஸ்காரர் இழுப்பார். நகராது என்றால் என்ஜினியர் இடிப்பார். இழுப்பவர் தோளை உரசிக்கொண்டு நின்றார்.

"ஒரு இஞ்ச் கூட நகராது சார்!"

"நகர்த்தவே முடியாதா?"

"பூகம்பமே வந்தாலும் முடியாது!" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

என்ஜினியரின் முகம் தொங்கிப்போனது. ஜீப்பில் ஏறிக்கொண்டார். போலீஸ்காரரும் நடையைக் கட்டினார்.

"இடிக்கலடீ! பொழைச்சோம்!"

தச்சர், வெளியே ஓடி வந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். அவளும் குதித்தாள். சந்தோஷத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்த டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இதுக்குப் போயி குதிக்கிறீங்களேண்ணே? எங்க ஆபீஸ் கூரை நேத்து விழுந்துடுச்சு. தெருத்தெருவா நகர்ற ஆபீஸ் பத்து செய்யணும், அதை உங்க கையாலதான் செய்யணும்னு ஐயா ஒத்தக்கால்ல நின்னு தேடி வந்தாரு!"