அல்பேனிய ஆட்டைத் திருத்தியவர்

சிவகாசியில் அல்பேனியா நாட்டு ஆடுகளுக்காகத் தூக்கம் கெட்டவர் ஒரே ஒருவர்தான். எங்கள் அச்சகத்துப் புரூஃப் அண்ணாச்சி.

பிழை திருத்துவது அவர் வேலை. தெரிந்த மொழி, தெரியாத மொழி என்ற பேதமெல்லாம் கிடையாது. ஓட்டலில் மெனு போர்டைத் திருத்திவிட்டுத்தான் இலை முன் உட்காருவார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையே திருத்திவிட்டார். சண்டைக்கு வந்தவர்களிடம், "உங்க அப்பா வச்சதே தப்பு, தம்பி" என்றார் நிதானமாக.

அந்தச் சமயத்தில்தான் அல்பேனியாவிலிருந்து குழந்தைகளுக்கான படச் சார்ட் ஆர்டர் வந்தது. ஒரு மலை 'மால்', பல மலைகள் 'மாலே'. ஒரு கிடா 'டாஷ்', பல கிடாக்கள் 'டெஷ்'. அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"மலைக்குக் கடைசியில ஒரு எழுத்தைச் சேத்தவன், ஆட்டுக்கு மட்டும் நடு எழுத்தை மாத்தியிருக்கான். தூங்கிட்டே டைப் அடிச்சிருப்பான் போல" என்று 'டாஷே' ஆக்கி புரூஃபை அனுப்பிவிட்டார்.

அங்கிருந்து வந்த மறுப்பை நான்தான் படித்துச் சொன்னேன். அச்சகத்தில் மெயில் பார்ப்பது என் வேலை. முன்னொரு காலத்தில் அந்தப் பன்மையின் கடைசியில் ஓர் 'இ' இருந்ததாம். அது உள்ளேயிருந்த 'ஆ'வை 'எ' ஆக்கிவிட்டு, பிறகு தேய்ந்து மறைந்துவிட்டதாம்.

அண்ணாச்சி தன் 'டாஷே'யை அடித்து மறுபடி 'டெஷ்' ஆக்கினார். "ஆளு போயிருச்சு. ஆனா உள்ள ஒண்ணை மாத்திட்டுல்ல போயிருக்கு" என்றார். அதன்பின் டீக்கடை முழுக்க இதே பேச்சு. "அண்ணாச்சி, ஆடு சௌக்கியமா?" என்று மிஷின்காரர்கள் தினமும் கேட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்குழந்தையை மதினி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். மகள் மதினியைப் போலவே சிரித்தாள், மதினியைப் போலவே கொட்டாவி விட்டாள். என்னுடையது என்று அவளிடம் எதுவுமே தங்காதோ என்று பயம். ஆயுத பூஜை முடிந்ததும் வேலையை விட்டுவிடுவதென்று அண்ணாச்சியிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

பூஜையன்று மகளையும் அச்சகத்துக்குத் தூக்கிப் போனேன். பொரி டப்பாவை மூடியவள், மூடியை இழுத்துப் பார்த்தாள். தத்தித் தத்தி நாலடி போனாள். என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

தினமும் அச்சக அறையைப் பூட்டிவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளையே பார்த்தார். "ஏந்தாயி, நீங்க பாட்டுக்கு வேலைக்கு வாங்க. இந்தப் புள்ளைய யாராலயும் திருத்த முடியாது."

நான் வேலையை விடவில்லை. அண்ணாச்சிதான் ஓய்வு பெற்று மகன் ஊருக்குப் போய்விட்டார். இப்போதெல்லாம் ஓட்டலுக்குப் போனால் மெனுவில் ஒரு பிழை கண்ணில் பட்டுவிடுகிறது, என்னால் உட்கார முடிவதில்லை. மகள்தான் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டுகிறாள்.