குடைக்காரனின் சட்டை

ஐம்பத்தைந்து அங்குல டிவியில் குடைக்காரன் வந்து நின்றதும் ஜெய்லானிக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பது வருடம் கழித்துப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன வயதில் ஒல்லியாக, துறுதுறுவென்று கூரைக்குக் கூரை தாவிய அந்த வீடியோ கேம் நாயகன் இப்போது பக்கவாட்டில் பெருத்து, தொப்பை போட்டு, உடம்பெல்லாம் கட்டம் கட்டமாக நின்றுகொண்டிருந்தான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவன் போட்டிருந்த சட்டை சிவப்பாக இருந்தது.

"யாருங்க இவன், பாத்ரூம்ல டைல்ஸ் ஒட்டுன மாதிரி இருக்கான்?" என்று கேட்டாள் மனைவி கைருன்னிசா.

"குடைக்காரன்டி. டிவி அவன இப்படி ஆக்கிருச்சு. சட்டையப் பாரு, செவப்பு!"

"செவப்பு நல்லாத்தான இருக்கு?"

"நல்லாருக்கா இல்லையாங்கிறதா பேச்சு? இவன் தரையில நின்னா சட்ட பச்ச. ஏணியில ஏறுனா ரோசு. மேல குதிச்சா நீலம். எனக்குத் தெரியாதா?"

"குதிச்சா சட்ட மாறுமா? அம்புட்டு வசதியானவனா?" என்று சொல்லிவிட்டுக் கைருன்னிசா அடுப்படிக்குப் போனாள்.

நிற விஷயத்தில் ஜெய்லானியை எதிர்த்துப் பேச வீட்டில் கைருன்னிசாவைத் தவிர வேறு ஆள் கிடையாது. சிவகாசியில் சீனிவாசகம் முதலாளியின் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் கலர் பார்ப்பவர். பட்டாசுப் பெட்டி லேபிளோ காலண்டரோ, மிஷினிலிருந்து வரும் முதல் தாள் அவர் நாற்காலிக்குப் போகும். உற்றுப் பார்ப்பார். ஓரத்தில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்கப்புறம்தான் மிச்சம் ஒரு லட்சம் தாள் ஓடும். அந்தக் கையெழுத்தைப் போடும்போது அவர் முகத்தைப் பார்த்தால் கலெக்டர் தோற்றார்.

அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. முதலாளியின் மகள் பிரீத்திகா அச்சுத் தொழில் படித்து முடித்து வந்தவள், கூடவே சோப்புப் பெட்டி அளவில் ஒரு மிஷினையும் கொண்டுவந்தாள். எந்த நிறத்தின் மேல் வைத்தாலும் எந்த மை எத்தனை சதவீதம் என்று அது சொல்லிவிடும்.

"இனிமே மிஷின் பாத்துக்கிடும், ஜெய்லானி. நீங்க திங்கக்கெழமையிலருந்து குடோன்ல பண்டலப் பாருங்க" என்றார் முதலாளி, ரொம்பச் சாதாரணமாக.

ஜெய்லானி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மொதலாளி, மிஷின் கண்ணு முன்னாடி இருக்கிறதத்தான் படிக்கும். நான் முப்பது வருசத்துக்கு முன்னால பாத்த கலரையும் அச்சு அசலாச் சொல்லுவேன்" என்றார்.

அப்போது மேஜையில் ஒரு புது ஆர்டர் கிடந்தது. தீபாவளி கிஃப்ட் பாக்ஸ், மேலே பழைய வீடியோ கேம் மாதிரி படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஜெய்லானி அதைப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். சின்ன வயதில் விளையாடிய குடைக்காரனின் நீலம், ரோஸ், பச்சை மூன்றுக்கும் மை அளவை மடமடவென்று எழுதி, ஓரத்தில் 'ஓகே' போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"எங்க தெருவுலயே மொத கலர் டிவி எங்க வீட்டுலதான், பாப்பா. அதுல பாத்த கண்ணு இது."

பிரீத்திகா சிரித்தாள். "சரிண்ணே. ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டுக்கு வாரேன். அந்த கேமப் போட்டுக் காட்டுங்க. கலர் மூணும் சரியா இருந்தா நாற்காலி ஒங்களுக்குத்தான். அப்பாகிட்ட நான் பேசுதேன்."

கேம் பெட்டி மல்லாங்கிணற்றில் அக்கா பெனாசிர் வீட்டுப் பரணில் கிடந்தது. மச்சான் அப்துல் ஹக்கீம் அதை ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, விருதுநகர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு வருகிறோம், அப்படியே வீட்டுக்கும் வருகிறோம் என்று போனில் சொன்னார். சாக்குக்குள் பெட்டி, கேசட், ஒயர் எல்லாம் ஒரு கெட்டி பிளாஸ்டிக் தாளில் சுருட்டப்பட்டிருந்தன. ஜெய்லானி பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு, தாளைத் தூக்கி எறிந்தார். எதையும் வீணாக்காத கைருன்னிசா அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெட்டி வந்து, டிவியில் குடைக்காரன் சிவப்புச் சட்டையோடு நின்றது வியாழக்கிழமை. அன்று சாயங்காலமே மெக்கானிக் பால்பாண்டி வரவழைக்கப்பட்டார்.

"பெருசா ஒண்ணுமில்ல பாய். சதுரப் படத்த இந்த டிவி அகலமா இழுக்குது. அதான் ஆளு ஊதிட்டான்" என்று சொல்லிப் பால்பாண்டி ஏதோ பட்டனை அமுக்கினார். இரண்டு பக்கமும் கறுப்பு விழுந்து, நடுவில் குடைக்காரன் ஒல்லியானான். கட்டம் போகவில்லை. சட்டையும் சிவப்புதான்.

"கலர கொஞ்சம் மாத்துங்க."

பால்பாண்டி மாற்றினார். குடைக்காரனின் முகம் பச்சையானது. சட்டை சிவப்பாகவே இருந்தது. இன்னும் மாற்றினார். வானம் ஊதாவாகி, குடை காணாமல் போனது.

"பளைய டிவியில படம் கோடு கோடாத்தான் வரும் பாய். அந்தக் கோடுதான் கட்டத்தயெல்லாம் மறைச்சு, கலரக் கலந்து காட்டும். இதுல கோடு இல்ல. நான் என்ன செய்ய?" என்று பால்பாண்டி கையை விரித்துவிட்டுக் கிளம்பினார்.

கோடுதானே? அச்சகத்தில் இருப்பவனுக்குக் கோட்டுக்கா பஞ்சம்! வெள்ளிக்கிழமை பிளேட் செக்‌ஷன் சோலைமலையைப் பிடித்து, கண்ணாடி மாதிரியான ஒரு தாளில் மயிரிழை மயிரிழையாகக் கறுப்புக் கோடு அடித்து, டிவி அளவுக்கு வெட்டி, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார் ஜெய்லானி. வீட்டுக்கு வந்ததும் நாலு மூலையிலும் நடுவிலும் பசை தடவி டிவியில் ஒட்டினார். சுவிட்சைப் போட்டார்.

திரை முழுக்க அலை அலையாக வளையங்கள் ஓடின.

அச்சில் இரண்டு கலரின் புள்ளி வரிசைகள் தப்பான கோணத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இப்படித்தான் அலை வரும். அச்சகத்தில் அதைக் கண்டால் ஜெய்லானி தாளைக் கிழித்து வீசுவார். இன்று அதை அவரே செலவழித்துத் தன் ஹாலில் வரவழைத்திருந்தார்.

"யா அல்லா, தலை சுத்துதே! என் நாடகத்துல மாமியா மருமக எல்லாரும் தண்ணிக்குள்ள நிக்காகளே!" என்றாள் கைருன்னிசா.

"பதறாத. இதுக்கு மருந்து எனக்குத் தெரியும். பதினஞ்சு டிகிரி சாச்சா அலை போயிரும்."

சாய்ப்பதற்குத் தாள் வரவில்லை, பசை அவ்வளவு நல்ல பசை. ஆகவே டிவியைச் சாய்த்தார். ஒரு பக்கக் காலுக்கு அடியில் பழைய காலண்டர்களை அடுக்கினார். ஒன்று, இரண்டு, ஆறு. நாடகத்து மாமியார் சறுக்கி மூலைக்கு வந்தாள். அலை அசையவில்லை.

"ஏங்க, டிவியச் சாச்சா தாளும் சேந்துதான சாயும்?" என்று கேட்டாள் கைருன்னிசா.

ஜெய்லானி கையிலிருந்த ஏழாவது காலண்டரை மெதுவாகக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்து டிவியும் சறுக்கியது. கைருன்னிசா பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சனிக்கிழமை பூராவும் தாளைப் பிய்ப்பதில் போனது. கோடு போய்விட்டது, பசை போகவில்லை. குடைக்காரன் எந்தக் கூரைக்குத் தாவினாலும் நடுவில் பசைத் திட்டுக்குள் போய் மறைந்து மறைந்து வந்தான். மூன்று நாளாக ஜெய்லானி தட்டைப் பார்த்துச் சாப்பிடவில்லை, கண் டிவியிலேயே இருந்தது. இராத்திரி கைருன்னிசா மெதுவாகக் கேட்டாள்:

"குடோன் வேலையும் வேலதான? எதுக்கு இம்புட்டு அல்லாடுதீக?"

"அங்க போனா யாரும் எங்கிட்ட எதையும் கேக்க மாட்டாக, கைரு. இது சரியா இருக்கா, பாத்துச் சொல்லுங்கன்னு கேக்க மாட்டாக" என்றார். கைருன்னிசா அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்படியில் தால்ச்சா கிண்டிக்கொண்டே ஹாலை எட்டிப் பார்த்தவள்தான் சொன்னாள்: "இங்கனருந்து பாத்தா நல்லாத்தாங்க தெரியுது. கட்டமும் இல்ல, பசையும் தெரியல."

ஜெய்லானி ஓடிவந்து பார்த்தார். உண்மைதான்! ரோட்டோர விளம்பரப் படத்தில் கிட்டே போனால் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புள்ளி. பஸ்ஸிலிருந்து பார்த்தால் மாசு மருவில்லாத முகம். இருபத்திரண்டு வருடம் புள்ளிகளோடு குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு இது தோன்றவில்லை. உடனே நாற்காலிகளை இழுத்து அடுப்படிக்குள் போட்டார்.

பிரீத்திகா வந்தபோது அவளை நேரே அடுப்படிக்குக் கூட்டிப்போனார்கள்.

"டிவி அங்கன இல்ல இருக்கு?" என்று விழித்தாள்.

"இங்கனருந்துதான் பாக்கணும், பாப்பா. உக்காருங்க."

உட்காருவதற்குள் அவள் தன் மிஷினை நாற்காலி மேல் வைத்து அளந்தாள், ஜன்னல் திரை மேல் வைத்து அளந்தாள், தால்ச்சாச் சட்டி மூடியையும் விடவில்லை. புதுசு அல்லவா, எல்லாவற்றையும் அளக்கச் சொல்லும்.

ஜெய்லானி சுவிட்சைப் போட்டார். கூரைகள் வந்தன. குடைக்காரன் வந்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் இருந்தது மாதிரியே ஒல்லியாக, துடிப்பாக, அழகாகக் குடையை விரித்துத் தாவினான்.

"ஐயோ, சூப்பரா இருக்குண்ணே படம்!" என்று பிரீத்திகா கைதட்டினாள். அப்புறம் கையிலிருந்த ஓகே தாளைப் பார்த்தாள். மெல்லச் சொன்னாள்: "ஆனா சட்ட செவப்புண்ணே."

குடைக்காரன் தரையில் நின்றான், சிவப்பு. ஏணியில் ஏறினான், சிவப்பு. ஆகாயத்தில் குதித்தான், அங்கேயும் சிவப்பு. வானம் ஆரஞ்சு, தரை காவி. மூன்று நாள் பாடுபட்டுப் படத்தைத் தெளிவாக்கியதில், தான் தோற்றது சந்தேகமில்லாமல் தெரிந்ததுதான் மிச்சம்.

ஜெய்லானி எழுந்து டிவியை அணைத்தார்.

"கண்ணு என்னய ஏமாத்திருச்சு பாப்பா. நாளைக்குக் குடோனுக்குப் போயிருதேன்" என்றார். அவர் மனது வெந்துபோயிருந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

கைருன்னிசா பேச்சை மாற்ற, "மொதல்ல எல்லாரும் சாப்பிடுங்க" என்று அலமாரித் தட்டில் அடுக்கியிருந்த சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்தாள். உதவி செய்ய எழுந்த பிரீத்திகா, தட்டுகள் இருந்த இடத்தில் வெள்ளைப் பேப்பரின் மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளைப் பார்த்தாள். கை சும்மா இருக்குமா? மிஷினை வைத்தாள்.

"சயான் அறுபத்தொண்ணு, மெஜந்தா பத்து..." என்று வாசித்தவள் நிறுத்தினாள். ஓகே தாளைப் பார்த்தாள். அங்கே அறுபது, பத்து என்று இருந்தது. மிஷினை நடுவில் நகர்த்தினாள். கீழே நகர்த்தினாள்.

"அண்ணே! நீலம், ரோசு, பச்ச... நீங்க எழுதுன மூணும் இங்கன இருக்கு! ஒண்ணு ரெண்டுதான் வித்தியாசம்! இது எப்படிண்ணே?"

ஜெய்லானி திகைத்தார். கைருன்னிசா திகைத்தாள். பிரீத்திகா தாளை உருவி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மேலே நீலம், நடுவில் ரோஸ், கீழே பச்சை.

அந்த நேரம் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு அக்கா பெனாசிர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தாளைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே ஜெய்லானி, நம்ம பிளாக் அண்ட் ஒயிட் டிவி கலராத் தெரியணும்னு அத்தா ஆசையா வாங்கி முன்னால மாட்டுன தாளுலே இது, இதப் போயி தட்டுக்கு அடியிலயா விரிச்சு வச்சிருக்கீக?"