பத்து இருந்த இடத்தில் முப்பது

மின் பொறியியலில் பட்டம் வாங்கியவள் நான். பியூஸ் எதற்கு இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விழித்திருந்தபோதுதான் மறந்துவிட்டது.

ஒரு பேய்மழையில் எங்கள் பழைய காருக்குள் தண்ணீர் புகுந்தது. (கண்ணாடியை ஏற்றாமல் விட்டது யார் என்று கேட்காதீர்கள்.) மறுநாள் ஹாரன் அடிக்கவில்லை.

"மெக்கானிக்கிட்ட விட்ரு தாயி" என்றார் அப்பா.

"பின்ன எதுக்குப்பா நாலு வருஷம் படிச்சேன்?"

வயர் முனைகளில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். தலைமுடி காய வைக்கும் மெஷினால் ஈரத்தை உலர்த்தினேன். பத்து ஆம்பியர் பியூஸ் மாட்டி ஹாரனை அமுக்கினால், 'டப்'. இன்னொன்று, அதுவும் 'டப்'. எங்கோ வயர் ஷார்ட் ஆகிறது, தேடு என்று கெஞ்சின அந்த இரண்டு பியூஸ்களும். நான் அவ்வளவு சுலபத்தில் எரியாத முப்பது ஆம்பியரைச் செருகினேன். ஹாரன் தெருவே அதிர அடித்தது. அம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு முறை அடித்துக் காட்டினேன்.

அப்பாவுக்கு விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. அன்று சாயங்காலம் அவரைக் கூப்பிடப் போய், கேட் முன்னால் காரை நிறுத்தி, பெருமையாக ஒரு ஹாரன் அடித்தேன். அது நிற்கவில்லை. சாவியை உருவினேன், அப்போதும் நிற்கவில்லை. ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து புகை வந்தது.

"ஏ புள்ள, வண்டிய எடு! வெளிய ஓடுங்க எல்லாரும்!" என்று கத்தினார் வாட்ச்மேன்.

பின்வாசல் வழியாகப் பெண்கள் செருப்பில்லாமல் பொட்டல் காட்டில் ஓடினார்கள். அப்பா மட்டும் என்னை நோக்கி ஓடி வந்தார். தலை, சட்டை, கை எல்லாம் சாம்பல் நிற மருந்துத் தூள். வாட்ச்மேன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மேலெல்லாம் மருந்து இருக்கு, கிட்ட போகாதீக!"

"எம் மக உள்ள இருக்காய்யா!"

நான் இறங்கி பானட்டைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கினேன். கையோடு வந்துவிட்டது. (சரியாக முறுக்காமல் விட்டிருந்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம்.) புகை அடங்கியது.

மறுநாள் மெக்கானிக் அந்தப் பியூஸை உருவிப் பார்த்துவிட்டு, "எந்த மடையன் போட்டது?" என்றார்.

"தெரியல" என்றார் அப்பா, நான் வாய் திறப்பதற்குள்.

அதற்கப்புறம் கம்பெனியில் கேட்டுக்கு வெகுதூரம் முன்பே ரோட்டில் வெள்ளைக்கோடு போட்டுவிட்டார்கள். வெளி வண்டி எதுவும் அதைத் தாண்டக்கூடாது. அதற்குப் பெயர் 'இஞ்சினியரம்மா கோடு'. லோடு ஏற்ற வரும் டிரைவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டிலும் சொல்லிச் சிரிக்கிறோம்.

அப்பா இன்றும் கோடு வரை வெயிலில் நடந்து வந்துதான் காரில் ஏறுகிறார். ஏறுவதற்கு முன் சட்டையை நன்றாக உதறிக்கொள்கிறார்.