நத்தை பேசியது: பக்கம் நூற்று நாற்பத்து மூன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒன்றைக் கூட்டவும் மாட்டேன், ஒன்றைக் குறைக்கவும் மாட்டேன், எனக்கு அவமானமான இடங்களையும் விடமாட்டேன். இங்கு நான் நலம். அங்கு நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உங்கள் சிறுவர் பத்திரிகையின் இந்த மாத இதழில் பதினேழாம் பக்கத்தைப் படித்த பிறகு அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கடிதம் முடிவதற்குள் மனம் வந்தால் கேட்கிறேன்.

நான் யார் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். 'ஊர் சுமந்த நத்தை' நாவலில் வாசகர்களுக்கு மிகவும் பிடித்த காட்சி எது என்று நீங்கள் வாக்கெடுப்பு வைத்தீர்கள் அல்லவா, அதற்கு எங்கள் நூலகத்திலிருந்து பதினோரு அட்டைகள் வந்திருக்கும். முதல் அட்டை என்னுடையது. மற்ற பத்துப் பேரையும் எழுத வைத்ததும் நான்தான். முடிவு எப்போது வரும் என்று இரண்டு மாதம் காத்திருந்தோம். வந்தது. முதலிடம், மணிக்காரி உப்புப் பூதத்தை மணிக்கயிற்றால் கட்டிப்போடும் காட்சி. சரி, ஒப்புக்கொள்கிறேன், நல்ல காட்சிதான். இரண்டாமிடம், ஒற்றைக்கண் வாத்து ஒரு நாள் ராஜாவாகி, குளத்தில் யாரும் துணி துவைக்கக் கூடாது என்று சட்டம் போடும் காட்சி. அதுவும் போகட்டும். மூன்றாமிடம், ஊரையே முதுகில் சுமந்துகொண்டு போகும் நத்தை முதன்முதலாகக் கண்ணைத் திறக்கும் காட்சி. அதற்குக் கீழே கட்டம் கட்டி நீங்கள் போட்டிருந்ததை அப்படியே எழுதுகிறேன்: "ஒரே நூலகத்திலிருந்து வந்த பதினோரு வாக்குகள் தள்ளுபடி செய்யப்பட்டன. நாவலில் இல்லாத ஒரு காட்சியை அவை குறிப்பிடுகின்றன. இந்த நாவலில் நத்தை ஓரிடத்திலும் பேசுவதில்லை. 143 முதல் 146 வரையுள்ள பக்கங்களில் நகரத்தின் சாக்கடை அமைப்பே விவரிக்கப்பட்டுள்ளது. இளம் வாசகர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்."

படித்துவிட்டு எழுத வேண்டுமாம்! ஐயா (அம்மாவாக இருந்தால் அம்மா), நான் அந்தப் புத்தகத்தை ஒன்பது முறை படித்திருக்கிறேன். வீட்டுக்குத் தரமாட்டார்கள், எங்கள் நூலகத்தில் ஒரே பிரதிதான் இருக்கிறது, அதனால் ஒன்பது முறையும் வாசிப்பறையில், ஒரு கால் குட்டையான பெஞ்சில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே படித்தேன். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் மணிக்காரிக்குப் பயம் வந்துவிடுகிறது. விடிந்தால் பூதத்தோடு சண்டை. அவள் யாருக்கும் தெரியாமல் நத்தை ஓட்டின் ஓரத்தில் இருக்கும் பொந்துக்குள் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். நூற்று நாற்பத்து மூன்றில், அதுவரை ஒரு வார்த்தை பேசாத நத்தை, கழுத்தை மெல்ல உள்ளே இழுத்து, அவள் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்கிறது: "பயமா இருக்கா?" அவள் ஆமாம் என்கிறாள். நத்தை சொல்கிறது: "எனக்கும்தான். அதனாலதான் எங்க போனாலும் வீட்டைத் தூக்கிக்கிட்டே போறேன்." பிறகு, "நீ தூங்கு. நீ எழுந்திரிக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன்" என்கிறது. அன்றைக்கு ஊர் முழுவதும், ஏன் நிற்கிறோம், ஏன் நிற்கிறோம் என்று கத்துகிறது. நத்தை நகரவே இல்லை. இதை நாங்கள் பதினோரு பேரும் படித்தோம். பதினோரு பேருக்கும் ஒரே மாதிரி கனவு வந்ததா?

உங்கள் கட்டத்தால் என்னென்ன ஆனது என்று கேளுங்கள். திங்கட்கிழமை வகுப்பில் டீச்சர் அதை உரக்கப் படித்தார்கள். "இது யாரு, நம்ம நூலகப் புழுவா?" என்று கேட்டார்கள். எழுந்து நின்றேன். நத்தை பேசியது உண்மைதான் டீச்சர் என்றேன். "நானும் சின்ன வயசுல படிச்சிருக்கேன்மா. பேசாது" என்றார்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள் டீச்சர் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது, ஆனால் உண்மையை எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். எங்கள் வகுப்புச் சுவர்ப்பத்திரிகைக்கு நான்தான் ஆசிரியர். இருந்தேன். இல்லாததை எழுதுகிறவள் ஆசிரியராக இருக்க முடியாது என்று சொல்லி, அந்த வேலையை, 'மழை' என்ற தலைப்பில் நாலு வரி எழுதச் சொன்னால் மூன்று வரியில் குடை பிடிக்கிற ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அண்ணன், "வாங்க நத்தை மேடம், என்ன பேசிச்சு இன்னிக்கு?" என்கிறான். சாப்பிடும்போது, "நத்தை உப்பு போதும்னு சொல்லிச்சா?" என்கிறான். தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அம்மா, "விடேன்டி, ஒரு நத்தைக்காக ஊரோட சண்டையா?" என்றாள். "நத்தைக்காக இல்லம்மா, என்னைப் பொய்க்காரின்னு அச்சடிச்சிருக்காங்க" என்றேன். அம்மா மிஷினை நிறுத்தினாள். ஊசியை மாற்றிக்கொண்டே, "அப்படின்னா சண்டை போடு" என்றாள்.

அதனால் சாட்சி திரட்டினேன். அண்ணனின் கைப்பேசியைக் கெஞ்சி வாங்கிப் பக்கத்தைப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாலு படத்திலும் என் கட்டைவிரல்தான் தெரிகிறது, நாலாவதில் நகம் கடித்ததுகூடத் தெளிவாகத் தெரிகிறது. பிறகு நூலகர் ஐயாவிடம், பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் புத்தகத்தை எடுத்துப்போக அனுமதி கேட்டேன். அவர் எல்லாப் புத்தகத்தையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பார், என்னையும் அப்படியே பார்த்தார். "ஒரே பிரதி. வாசலைத் தாண்டாது" என்றார். ஜெராக்ஸ் அண்ணாவை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். "மிஷினைத் தூக்கிட்டு வருவானா?" என்றார். கேட்டுப் பார்த்தேன், வரமாட்டாராம். கடைசியில் பசை அக்காவிடம் போனேன். பசை அக்கா எங்கள் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டுகிறவர். எப்போதும் கையில் தூரிகையும் டப்பாவும் இருக்கும், முழங்கை வரை காய்ந்த பசை உரிந்துகொண்டிருக்கும். இந்த நூலகத்தில் அவர் கை படாத புத்தகமே கிடையாது, அதனால் நீங்கள் சாட்சி சொல்லுங்கள் என்று உங்கள் கட்டத்தைக் காட்டினேன். அக்கா அதைப் படித்தார். தூரிகை டப்பாவுக்குள் முழுசாக விழுந்துவிட்டது. அதை விரலால் துழாவி எடுத்துக்கொண்டே, "பத்திரிகைக்காரங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், விட்ரு" என்றார். "அக்கா, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? நீங்க அந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்கீங்கதானே?" என்றேன். "ஒட்டியிருக்கேன்" என்றார். எனக்கு வந்ததே கோபம். பயந்தாங்கொள்ளி என்று மனத்துக்குள் திட்டினேன். மனத்துக்குள் என்று நினைத்தேன், வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அக்கா அடுத்த புத்தகத்தை எடுத்து ஒட்டத் தொடங்கிவிட்டார்.

சாட்சி சொல்ல யாரும் வராததால் நானே வாதாடுகிறேன். கேளுங்கள். முதலாவது, விடிந்தால் பூதத்தோடு சண்டை என்று வைத்துவிட்டு, எந்த ஆசிரியராவது நாலு பக்கத்துக்குச் சாக்கடையைப் பற்றி எழுதுவாரா? நான் எழுத மாட்டேன். நீங்களும் எழுத மாட்டீர்கள். அடுத்தது, நூற்று நாற்பத்திரண்டில் பொந்துக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண், நூற்று நாற்பத்தேழில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து நிற்கிறாள். நடுவில் யாரோ அவளிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். உங்கள் புத்தகத்தில் என்ன ஆயிற்று, சாக்கடையைப் பார்த்து அவளுக்குத் தைரியம் வந்ததா? கடைசியாக ஒன்று. இதைப் படித்தால் நீங்கள் பதில் சொல்ல முடியாது. அந்த நாலு பக்கங்களில் மட்டும் எழுத்து வேறு மாதிரி இருக்கிறது. கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் கறுப்பாக. அதிலும் 'ழ' வருகிற இடத்திலெல்லாம் வால் அறுந்திருக்கிறது. மணிக்காரியின் நடுக்கம் வாசகர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் ஆசிரியர் அப்படி அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார். புத்தகத்திலேயே முக்கியமான இடம் அதுதான் என்று அவரே காட்டியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? உங்களிடம் இருப்பது ஏதோ மட்டமான பதிப்பு. அதில் நத்தையை வெட்டிவிட்டுச் சாக்கடையைப் போட்டிருக்கிறார்கள். அதைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்றால் எனக்கு உங்கள்மேல் கோபம்கூட இல்லை, பரிதாபம்தான்.

ஆகவே, அடுத்த இதழில், அதே பதினேழாம் பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். பதினோரு வாக்குகளையும் திரும்பச் சேர்க்க வேண்டும். இந்தக் கடிதத்தை ஒரு காற்புள்ளிகூடக் குறையாமல் பிரசுரிக்க வேண்டும். இதை எங்கள் நூலகத்து வாசிப்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மற்ற பத்துப் பேரும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் காரமா எழுதுடி" என்கிறார்கள். நூலகர் ஐயா இப்போதே இரண்டு தடவை மணியைப் பார்த்துவிட்டார், ஏழு அடித்தால் பூட்டிவிடுவார். உங்கள் அலுவலகத்தில் உள்ள எல்லோருக்கும், அந்தக் கட்டத்தை அச்சுக் கோத்தவர் தவிர மற்றவர்களுக்கு, எங்கள் அன்பைச் சொல்லவும். நீங்கள் நீண்ட நாள் வாழ்ந்து நிறையப் புத்தகம் படிக்க வேண்டும், படித்துவிட்டு எழுத வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
சுவர்ப்பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர்
(கீழே பத்துக் கையெழுத்துகள்)

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பிரசுரிக்க வேண்டாம். ஒரு காற்புள்ளியைக்கூட.

கையெழுத்துப் போட்டு முடித்து, உறையை ஒட்டக் கொஞ்சம் பசை கேட்க உள்ளறைக்குப் போனேன். பசை அக்கா, "குடு, பாக்கறேன்" என்று கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். பயந்தாங்கொள்ளி வந்த இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தார். 'ழ' வந்த இடத்தில் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூலையில் இருந்த பழைய தட்டச்சு மிஷினின் உறையைக் கழற்றி, ஒரு துண்டுத்தாளைச் செருகி, ஒரே ஓர் எழுத்தைத் தட்டி என்னிடம் நீட்டினார்.

வால் அறுந்த 'ழ'.

"அக்கா, நீங்களா!"

"கத்தாதடி, நூலகம்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அந்தப் புத்தகம் நாலு பக்கம் இல்லாம என் மேசைக்கு வந்துச்சு. அடுத்த நாள் ஐயா ஒவ்வொரு புத்தகமா பக்கம் எண்ணுறார். குறைஞ்சா எடைக்குப் போட்ருவாங்க. வேற பிரதி எங்கயும் கிடைக்கல. சாக்கடைன்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் ஒரு பொண்ணு நடுங்கிட்டு உக்காந்திருக்கா, அந்தப் பக்கம் கயித்தோட நிக்கறா. நடுவுல யாரோ ஏதோ சொல்லிருக்கணும்ல? அங்க இருந்தது நத்தை ஒண்ணுதான்."

"உங்களுக்குப் பயமா இல்லையா அக்கா?"

"இருந்துச்சு. அதான் அப்படி எழுத வந்துச்சு" என்றார். கடிதத்தை மடித்து என் கையில் வைத்து, "எழுதினதைக் கிழிக்காத. இதையும் சேத்து எழுதி அனுப்பு. உன் பேரு போயிருக்கு. எனக்கு வர்றது வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் தூரிகையை எடுத்துக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார். பார்த்தேன்.

ஆகவே ஐயா (அல்லது அம்மா), நீங்கள் சொன்னதுதான் சரி. அந்த நாவலில் நத்தை பேசுவதில்லை. இது வெளியே தெரிந்தால் புத்தகம் எடைக்குப் போகும், அக்கா வேலை போகும். நான் பொய்க்காரி என்றே இருந்துவிட்டுப் போகிறேன். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணன் எத்தனை முறை வேண்டுமானாலும் உப்பைப் பற்றிக் கேட்கட்டும். கடிதத்தின் தலைப்பில் எழுதியிருந்த எங்கள் நூலகத்தின் பெயரையும் என் பெயரையும், கீழே இருந்த பத்துக் கையெழுத்துகளையும் மையால் அடித்துவிட்டேன். உங்களிடம் உள்ள பதினோரு அட்டைகளிலும் தயவுசெய்து அடித்துவிடுங்கள், அதற்கு முன் என் அட்டையில் உள்ள முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வாக்கை மாற்ற மாட்டேன். பிடித்த காட்சி எது என்று நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் சொன்னோம், அதில் பொய் எதுவும் இல்லை. மற்ற பத்துப் பேரிடமும் காரணம் சொல்லாமல், "வாத்துக்கு மாத்திப் போட்டுக்கலாமா? உங்க வாக்காவது மிஞ்சும்" என்று கேட்டுப் பார்த்தேன். "போடி" என்றார்கள். ஆகவே பதினொன்றும் தள்ளுபடியாகவே இருக்கட்டும். பிரசுரிக்க வேண்டாம் என்றால் ஏன் அனுப்புகிறாய் என்று கேட்பீர்கள். நீங்களும் ஒரு தடவை படிக்க வேண்டும் என்றுதான். அந்த நாலு பக்கங்களையும் ஒன்பது முறை படித்த ஞாபகத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். 'ழ'வுக்கெல்லாம் வாலை அறுத்தே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு உங்கள் வாக்கு எதற்கு என்று எனக்கு மட்டும் எழுதுங்கள். நல்ல மனத்தோடு உண்மையான பக்கங்களை எங்கள் நூலகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். சாக்கடை எங்களுக்கு வேண்டாம்.

இப்போது கேட்கிறேன், நீங்கள் நலமா? ஏழு அடித்துவிட்டது. பத்துப் பேரும் வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். கடைசி இரண்டு வரியை ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் நடுக்கம் என்று நினைக்க வேண்டாம், நூலகர் ஐயா விளக்கை அணைத்துவிட்டார்.