வியாழக்கிழமை போட்ட பாத்தேக் சட்டை

பிரிக்பீல்ட்ஸ்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் திருச்செல்வம் அவர்களுக்கு,

சபாபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை இராஜம்மாவும் சுகம். கிள்ளான் பண்டமாரானில் உங்கள் வீட்டிலும் அப்படியே என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு நீங்கள் கொடுத்த பூப்போட்ட பாத்தேக் சட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். சட்டையில் குறை இல்லை. குறை அதற்குள் இருந்த ஆளிடம்.

நம் பெண் அனுப்பிரியா அரசாங்க வேலைக்காகப் பொது நிர்வாகமும் தலைமைத்துவமும் படிப்பது உங்களுக்குத் தெரியும். நேற்று கல்லூரியில் மாதிரி நேர்முகத் தேர்வு. முதலிடம் பெறுபவருக்குக் கிள்ளானில் ஓர் அரசு அலுவலகத்தில் மூன்று மாதப் பயிற்சி. இரண்டு வருடமாக அவள் கண் அதன்மேல்தான். அப்படிப்பட்டவள் சான்றிதழ்க் கோப்பை மேசையிலேயே விட்டுப் போய்விட்டாள். என் மற்ற சட்டைகளெல்லாம் ஈரம். உங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு கோப்புடன் ஓடினேன். வியாழக்கிழமை என்பது மூளையில் ஏறவே இல்லை, மச்சான்! வியாழன்தோறும் அரசு அதிகாரிகள் பாத்தேக் உடுத்துவார்களே! வாசலில் நின்ற மாணவி என்னைப் பட்டம் வாங்கிய பெரிய அதிகாரி என்று எண்ணி, "டத்தோ, வாங்க வாங்க, உங்களுக்குத்தான் எல்லாரும் வெயிட்டிங்!" என்றாள். "இல்லைம்மா, நான் வந்து..." என்றேன். "பரவாயில்லை சார், ஜாம்தானே!" என்று உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள். கேள்வி கேட்க வரவேண்டிய தேர்வாளர் ஒருவர் வரவில்லையாம். அது அவருடைய நாற்காலி. பக்கத்தில் ஓய்வுபெற்ற உண்மையான அதிகாரிகள் இருவர். உண்மையைச் சொல்ல மூன்று முறை தொண்டையைச் செருமினேன்; மூன்று முறையும், "நீங்களே கேளுங்க சார்" என்று வழிவிட்டார்கள்.

காப்புறுதி நிறுவனத்தில் முப்பத்தோராண்டு கோப்பு அடுக்கியவன் என்ன கேட்பேன்? எல்லாரிடமும் ஒரே கேள்வி: "நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள். பிறகு என்ன செய்தீர்கள்?" ஐந்தாவதாக வந்தவள் அனுப்பிரியா. என்னைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். இமைகூட அசையவில்லை. "இன்னிக்கி காலையில பைலை வீட்டிலயே விட்டுட்டேன் சார். எங்கப்பா எடுத்துட்டு வந்திருப்பாரு. ஆனா அவருக்கு 'இல்லை'ன்னு சொல்ல வராது. எங்கயாவது மாட்டிக்கிட்டு முழிச்சிட்டு இருப்பாரு. இது முடிஞ்சதும் அவரைக் காப்பாத்தணும்" என்றாள். மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முதுகெல்லாம் வியர்வை. பத்துக்கு ஒன்பது போட்டேன். பெற்றவன் போடலாமா என்று ஏழாக்கினேன். பெற்றவனே குறைக்கலாமா என்று எட்டாக்கினேன். அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது.

உண்மை தெரிந்தால் அவளுக்குக் கிடைக்கவேண்டிய பயிற்சி இடம் போய்விடுமோ? மறைத்தால் அந்த இடம் முறையாகக் கிடைத்ததாகுமா? அவளோ, "நான் பாத்துக்கறேன்பா" என்று சிரிக்கிறாள். ஆகவே திங்களன்று நீங்கள் வந்து தேர்வை நடத்திய கல்லூரி ஒருங்கிணைப்பாளர் காத்தூன் பீவி அம்மையாரிடம் என் சார்பில் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும். எனக்கு வாய் வராது.

பிள்ளைகளுக்கு என் ஆசி. இதைப் படித்து உங்கள் ரத்தக் கொதிப்பு ஏறாதிருக்க ஆண்டவன் அருள்வாராக.

என்றும் அன்புடன்,
சபாபதி

பி.கு.: பொட்டலத்தை ஒட்டும் நேரத்தில் காத்தூன் பீவி அம்மையாரே அழைத்தார். "அங்கிள், உங்க பொண்ணு நேத்தே எல்லாத்தையும் சொல்லிட்டா லா! உங்க மார்க்கை எடுத்துட்டு மத்த ரெண்டு பேரு மார்க்கை மட்டும் கூட்டினோம். அப்பவும் அவதான் பர்ஸ்ட்!" மச்சான், நம் பெண் கிள்ளானுக்கு வருகிறாள்! உங்கள் வீட்டில்தான் தங்குவாள்! அதோடு, "பிள்ளைங்க எல்லாம் உங்க கேள்வியைத்தான் பேசிக்கிட்டு இருக்காங்க. ஒவ்வொரு வியாழனும் வந்து இப்படியே கேளுங்க அங்கிள்" என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது. ஆகவே திங்களன்று நீங்கள் வரவேண்டாம். பொட்டலத்தில் சட்டையையும் தேடவேண்டாம்.