படுத்துவிட்ட மார்லிஸ் விஷயமாக

மரியாதைக்குரிய மச்சான் செல்மர் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் ஆர்லின் எழுதுவது. மினசோட்டாவில் தாங்களும் அக்காவும் ஏரியில் உள்ள மீன்களும் சௌக்கியம் என்று நம்புகிறேன். என் சௌக்கியத்தைக் கேட்காதீர்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இதை எழுதும்போது உங்கள் தங்கை மார்லிஸின் பூப்போட்ட கம்பளிச் சட்டையைத்தான் போட்டிருக்கிறேன். என்னுடையதை எங்கே வைத்தாள் என்று கேட்கலாமென்றால் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். உங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்.

அவள் என்ன சொன்னாளோ, நடந்தது இதுதான். நம் கோதுமை வயலில் எண்ணெய்க் கம்பெனிக்காரன் கிணறு போட்டபோது, வழக்கப்படி அதற்கு வைக்க வீட்டு ஆள் பெயர் ஒன்று கேட்டான். கல்யாண நாள் வந்துகொண்டிருந்தது, நான் பரிசு வாங்கவில்லை, "மார்லிஸ்" என்றேன். பலகையே வைத்துவிட்டார்கள். முதல் வருஷம் கிணற்று மார்லிஸ் பொங்கித் தள்ளினாள், வீட்டு மார்லிஸ் சர்ச்சில் முன்வரிசைக்குப் போனாள், நம் லூத்தரன் சபைக்காரர்கள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் பாறையை உடைத்து எடுக்கிற எண்ணெய் இப்படித்தான் என்று எவனும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பாதிகூட வரவில்லை, அதற்கடுத்த வருஷம் அதிலும் பாதி. பம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் டெல்பர்ட் காலையில் போன் பண்ணுவான். எனக்குக் காது மந்தம், அதனால் சமையலறையில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன்.

"அண்ணே, மார்லிஸ் முன்ன மாதிரி இல்லண்ணே. வயசாயிருச்சு. எண்ணெய் சொட்டுதான், காத்துதான் நிறைய பிரியுது."

அவள் அடுப்பில் லெப்சே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். "யாருக்குடா காத்துப் பிரியுது?"

"ஐயோ அண்ணி, உங்கள சொல்லல. இந்த மார்லிஸ ஒருதடவ குடைஞ்சு பாத்துட்டு, தேறலேன்னா மூடிரலாம்னு இருக்காங்க."

அதோடு போயிருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் வெர்னெல் தன் புதுப் பெண்டாட்டி சார்மேன் பெயரில் ஒரு கிணறு போட்டான். அங்கே பாறையை உடைக்க அடித்த அடியில் மணலும் தண்ணீரும் நம் கிணற்றுக்குள் புகுந்து அடைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காப்பி குடிக்கும்போது, விதை விற்கிற டுவைட் ஊருக்கே கேட்கிற மாதிரி, "என்ன ஆர்லின், சார்மேன் வந்து ஒரு இடி இடிச்சதும் மார்லிஸ் படுத்துட்டாளாமே?" என்றான். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "புதுசுகூடப் பழசு போட்டி போட முடியுமாப்பா?" என்றேன். பின்னால் உங்கள் தங்கை கேக் தட்டோடு நின்றிருந்தாள்.

"பலகைல இருந்து என் பேர எடு. எடுத்தப்புறம் நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கம்பெனிக்குப் பேசினேன். அந்தப் பெண், "கவர்மென்ட்ல பதிஞ்ச பேரு சார். மூடிப் புதைச்சாலும் அதேதான். பக்கத்துலயே இன்னொண்ணு போடப்போறோம், அதுக்கு வேணும்னா வேற பேரு சொல்லுங்க" என்கிறாள். கிணற்றைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன் மச்சான்? இனி எந்தக் கிணற்றுக்கும் நம் வீட்டு ஆள் பெயரைச் சொல்ல மாட்டேன், இது சத்தியம். அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முட்டி வலியைக் கர்த்தர் சீக்கிரம் கவனிக்கட்டும்.

இப்படிக்கு,
ஆர்லின்

பி.கு.: ஸ்டாம்பு இல்லாமல் இந்தக் கடிதம் வண்டியிலேயே கிடந்துவிட்டது. இதற்குள் கம்பெனிப் பெண் புதுக் கிணற்றுக்குப் பெயர் கேட்டு அவசரப்படுத்தினாள், ஆண் பெயரென்றால் வம்பில்லை என்று உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் மார்லிஸ் உங்களிடம்கூடச் சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறாள். "என் பக்கத்துல அண்ணன் பேரா? சின்ன வயசுலயே என் தட்டுல இருந்து எடுத்துத் தின்னவன்" என்று பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று துளையிடும் குழாய் செல்மருக்குள் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. அறுத்து உள்ளேயே விட்டுவிட்டு, மேலே சிமெண்ட் ஊற்றுகிறார்கள்.