எடை பார்க்காமல் கேட் திறக்காது

உலகத்தில் எத்தனையோ வாட்ச்மேன்கள் இருக்கலாம். உள்ளே வருகிறவனையும் வெளியே போகிறவனையும் எடை போட்ட ஒரே வாட்ச்மேன் எங்கள் தராசுதான். அது நாங்கள் வைத்த பெயர்; சொந்தப் பெயரைக் கேட்டால், "பேரு கைக்கு தம்பி? தட்டுல ஏறு" என்பார். 'கைக்கு' என்றால் ஹைதராபாத் பேச்சில் 'எதுக்கு'.

ஹைதராபாத்தில் சைனிக்புரி தாண்டி இருந்தது அந்த இயற்கை வைத்தியசாலை. ஊசி போட்டுப் போட்டு அலுத்துப்போன ஒரு ராணுவ டாக்டர், ஓய்வு பெற்றதும் ஆரம்பித்தது. வயிற்றில் மண்பற்று, தொட்டியில் இடுப்புக் குளியல், மூன்று வேளையும் எலுமிச்சைச் சாறு. நான்காம் நாள் நோயாளிகள் மதில் ஏறிக் குதித்து மிர்ச்சி பஜ்ஜி வண்டிக்கு ஓடுவார்களாம். அவர்களைப் பிடித்துவரத்தான் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழரான தராசை டாக்டர் வேலைக்கு வைத்தார். டாக்டர் காலமானதும் அமெரிக்காவில் இருந்த அவருடைய பிள்ளைகள் கட்டடத்தை எங்கள் மென்பொருள் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார்கள். தொட்டி போயிற்று, மண் போயிற்று. கேட்டோடு சேர்ந்து தராசு மட்டும் எங்களுக்கு வந்தார். அவரைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரி மூடவேயில்லை. நோயாளிகள் மாறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்படி நினைத்ததிலும் தப்பில்லை. கதவுகளில் பழைய தெலுங்குப் போர்டுகள் அப்படியே இருந்தன. நீராவிக் குளியல் அறையில் டெஸ்டிங் டீம் உட்கார்ந்தது. எங்கள் மேனேஜர் வாராவாரம் எங்களைக் காய்ச்சி எடுத்த அறையின் வாசலில் 'எனிமா' என்று எழுதியிருந்தது.

நான் திருநெல்வேலியிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த அன்று, கேட்டருகே அந்த எடை மெஷின்தான் முதலில் கண்ணில் பட்டது.

"செருப்ப கழட்டு."

"அண்ணே, நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர்."

"ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டார். "எல்லாரும் அதான் சொல்றாங்க. ஏறு."

அறுபத்திரண்டு கிலோ. நோட்டில் எழுதிக்கொண்டு, "அடுத்த எடை டிஸ்சார்ஜ் அன்னிக்கு" என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்.

மனுஷனால் ஓரிடத்தில் இருக்க முடியாது. நாற்காலி போட்டால், "நக்கோ, வேணாம், உக்காந்தா நோயாளி ஓடிடுவான்" என்று மதிலைச் சுற்றிச் சுற்றி நடப்பார். பீட்சாக்காரனைத் தெருமுனையிலேயே மோப்பம் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை கம்பெனி விருந்துக்கு வந்த பிரியாணி அண்டாவைக் கேட்டில் மறித்து, ஆளுக்கு ஒரு கரண்டி என்று அளந்த பிறகுதான் உள்ளே விட்டார். எச்.ஆர். மேலாளர் சென்னைக்காரர், கோபக்காரர். மூன்று முறை தராசை நீக்கப் பார்த்தார். டாக்டரின் பிள்ளைகள், அவர் கட்டடத்தோடு சேர்த்தி என்று எழுதிவிட்டார்கள்.

அப்புறம் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்த வருஷம் வந்தது. யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. டீ குடிக்கப் போனவன் திரும்பி வந்து, தன் நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். எனக்குக் கூடுதல் பயம். ஊரில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். ஜாதகத்தில் இல்லாத பொருத்தத்தையெல்லாம் என் வேலைதான் ஈடுகட்டியிருந்தது.

ஒருநாள் காலை பதினொரு மணிக்கு மெயில் வந்தது. பதினொரு பேர், அதில் நானும் ஒருவன். பன்னிரண்டுக்குள் சத்தம் போடாமல் வெளியேற வேண்டும். அட்டைப்பெட்டியோடு கேட்டுக்கு வந்தால், பூட்டியிருந்தது.

"தட்டுல ஏறு தம்பி."

"விட்ருங்கண்ணே. வேலை போச்சு."

"அது ஆபீஸ் விஷயம். நீ ஏறு."

எழுபத்தாறு. நோட்டைப் புரட்டினார். முகம் மாறிவிட்டது.

"பதினாலு கிலோ கூடியிருக்கே! இந்த ஆஸ்பத்திரில எடை ஏறி ஒருத்தனையும் டிஸ்சார்ஜ் பண்ணதில்ல. குணமாகாம எப்படி அனுப்புறது?"

மற்றப் பத்துப் பேரும் அதே லட்சணம்தான். எச்.ஆர். மேலாளர் ஓடி வந்தார்.

"கேட்டைத் திறய்யா!"

"தெறக்கறேன் சார். பாதில அனுப்புறவங்க கையெழுத்துப் போடணும். டாக்டர் ரூல்."

சட்டைப்பையிலிருந்து ஆஸ்பத்திரியின் பழைய சீட்டுக்கட்டை எடுத்து நீட்டினார். 'சிகிச்சை முடியுமுன் அனுப்புகிறேன். இவருக்கு ஏதாவது ஆனால் நானே பொறுப்பு.'

"இவங்களுக்கும் எனக்கும் இனிமே என்னய்யா சம்பந்தம்?"

"அப்ப நீங்க கைக்கு அனுப்புறீங்க?"

மேலாளர் கேட்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். சாவி தராசின் இடுப்பில் இருந்தது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. கடைசியில் பதினொரு சீட்டிலும் கையெழுத்துப் போட்டார். நாலாவது சீட்டுக்குப் பிறகு எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. என் பெயரெழுதிய சீட்டைத் தராசு என் கையில் கொடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

போகிற போக்கில் மேலாளர் திரும்பி, "மாசக் கடைசியில பில்டிங்கையே காலி பண்றோம். இடிக்கப் போறாங்க. நீயும் கிளம்பற வழியைப் பாரு" என்றார்.

தராசு அசையாமல் நின்று அன்றுதான் பார்த்தேன். எல்லோரும் போனபின் செருப்பைக் கழற்றிவிட்டு அவரே தட்டில் ஏறினார்.

"பாத்து சொல்லு தம்பி."

"நாப்பத்தெட்டு. சேந்தப்போ எவ்வளவுண்ணே?"

"என்னை யாரு எடை பாத்தா?"

ஒரு சீட்டைக் கிழித்து, தன் பெயரை எழுதி, பேனாவோடு நீட்டினார். அதில் அவருடைய சொந்தப் பெயரை முதல்முறையாகப் படித்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதத்தில் எனக்கு ஹைதராபாத்திலேயே வேறு வேலை கிடைத்தது. கல்யாணமும் நடந்தது. வைத்தியசாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ஞாயிற்றுக்கிழமை நான் லாலாகுடாவுக்கு வண்டியை எடுத்தால் மனைவி எதுவும் கேட்பதில்லை. தராசு வீட்டு வாசலில் அந்த மெஷின் இருக்கிறது. அவர் என்னை ஏறச் சொல்வதற்குள் நான் அவரை ஏற்றிவிடுவேன். முள் நாற்பத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடாது. பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவன் நானல்லவா?